லீன் பயிற்சி: ஸ்பேனர் பிடிப்பவரும் அறைக்குள் இருக்க வேண்டும்

திருமுடிவாக்கத்தில் சொந்த யூனிட் நடத்தும் நண்பர் போன வாரம் கேட்டார். லீன் என்றால் விரயத்தைக் குறைத்து வேலை செய்யும் முறை. சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான எம்.எஸ்.எம்.இ. லீன் திட்டத்தில் செலவில் 90 சதவீதத்தை அரசே ஏற்கிறது, அதற்கு வேண்டிய உத்யம் என்ற தொழில் பதிவும் கையில் இருக்கிறது, பயிற்சிக்கு சூப்பர்வைசர்களை மட்டும் அனுப்பினால் போதாதா என்று. அம்பத்தூரில், தகட்டை அச்சில் அழுத்திப் பாகங்கள் செய்யும் எங்கள் பிரஸ் ஷாப்பில் லீன் வந்து வருஷக்கணக்காகிறது. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

5எஸ் (இடத்தை ஒழுங்காக வைப்பது), கைசன் (சிறுசிறு மேம்பாடுகள்), ஏழு விரயங்கள் எல்லாம் பயிற்சிக்குப் போன எல்லாருக்கும் தெரிந்ததுதான். எங்களுக்குப் பலன் தந்தது வேறு. மெஷினில் டை (அச்சு) மாட்டும் செட்டர், டூல் ரூம், ஸ்டோர்ஸ், மெயின்டனன்ஸ், குவாலிட்டி என்று எல்லாரையும் பயிற்சியாளர்கள் ஒரே அறையில் உட்கார வைத்து, ஒரு டையைக் கழற்றி வேறு டை மாட்டும் எங்கள் டை சேஞ்சையே வீடியோ எடுத்துப் போட்டுக் காட்டினார்கள். மெஷின் நின்றால்தான் செய்ய முடிகிற வேலை எது, ஓடும்போதே முடித்து வைக்கக்கூடியது எது என்று பிரிக்க வேண்டும். ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ சொன்ன வழி அது. வீடியோவில் பாதி நேரம் மெஷின் பக்கத்தில் ஆளே இல்லை. செட்டர் டையை இறுக்கும் டி-போல்ட் தேடி டூல் ரூமுக்குப் போயிருக்கிறார்.

"முன்னாடியே சொல்லியிருந்தா எடுத்து வெச்சிருப்பேனே அண்ணே" என்றார் டூல் ரூம் தம்பி.

"சொன்னா ஸ்லிப் எங்கேன்னு கேப்பீங்களே" என்றார் செட்டர்.

சீட்டு கொடுத்தால்தான் பொருள் என்ற ஸ்லிப் முறையைக் கொண்டு வந்த சூப்பர்வைசரும் அங்கேயே இருந்தார். அன்று சாயந்திரமே போல்ட்டுக்கு ஸ்லிப் கிடையாது என்று ஆனது. அப்புறம் போல்ட், கிளாம்ப் எல்லாவற்றுக்கும் ஒரு டிராலி வந்தது. டைகளுக்கு அடியில் பிளேட் கொடுத்து எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டு வந்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்த வேலை பாதிக்கும் கீழே இறங்கியது. பத்து நிமிஷத்துக்குள் என்ற ஷிங்கோவின் இலக்கு இன்னும் தூரம்தான். ஆனாலும் அந்த ஒரு நாள் எனக்கு மறக்காது.

எரிச்சல் ஒன்றே ஒன்று, இன்னும் தீரவில்லை. டிராலியைத் தள்ளுகிற காண்ட்ராக்ட் ஹெல்பர்களை அந்த அறைக்குள் விடவே இல்லை. சில மாதத்துக்கு ஒருமுறை முகங்கள் மாறும். டிராலி எதற்கென்று புதுப் பையனுக்கு யாரும் சொல்வதில்லை. நைட் ஷிப்ட் முடிந்து பார்த்தால் நீளம் மாறிய போல்ட்டுகள் கலந்து கிடக்கும், செட்டர் மறுபடி டூல் ரூமுக்கு நடப்பார். டொயோட்டாவில் லைனில் நிற்கும் யாரும் கயிறை இழுத்து வேலையை நிறுத்தலாம். இங்கே மெஷினுக்கு மிக அருகில் நிற்பவனுக்குப் பேசவே இடமில்லை. மாசக் கடைசி டெஸ்பாட்ச் நெருக்கடியில் ஆட்களை விடுவிப்பது கஷ்டம் என்று மேனேஜ்மென்ட் சொல்வது பொய்யில்லை. ஆனால் மாசம் முழுக்கவா மாசக் கடைசி?

பலனை இவ்வளவு சொன்னாலும், ஹெல்பர்களைச் சேர்க்க முடியாதென்றால் திட்டத்தில் இப்போது சேர வேண்டாம் என்றுதான் நண்பரிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லட்டுமா என்றார். வேண்டாம், அவர்கள் லீவில் கை வைக்காதீர்கள், மாச முதல் வாரத்தில் லைனை நிறுத்திச் சம்பளத்தோடு உட்கார வையுங்கள் என்றேன். காண்ட்ராக்டரிடம் பேசிவிட்டுச் சொல்வதாக இருக்கிறார்.