ரன்பிளாட் டயருக்கு எந்த ரிம்மும் சரிவரும் என்று சொல்லும் கடைகள்: ஓர் எச்சரிக்கை

மட்டக்களப்பில் ரன்பிளாட் டயர், அதாவது காற்றுப் போனாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய டயர், பூட்டிய கார் வைத்திருப்போர் அதிகம் பேர் இல்லை. அதனால்தானோ என்னவோ, அந்த டயரைப் பற்றி அரைகுறையாகத் தெரிந்தவர்களும் துணிந்து பேசிவிடுகிறார்கள். என்னுடைய பழைய பி.எம்.டபிள்யூ. காரின் ஒரு ரிம் பள்ளத்தில் விழுந்து வெடித்தபோது, நகரத்து டயர் கடையொன்றில் நான்கையும் மாற்றச் சொன்னார்கள். புதிய ரிம்கள் ரன்பிளாட்டுக்கு ஏற்றவைதானா என்று குறிப்பாகவே கேட்டேன். "பதினேழு இஞ்சி என்றால் பதினேழு இஞ்சிதான் சேர், போல்ட் துளையும் ஒன்றுதான், யோசிக்காதீர்கள்" என்றார் முதலாளி. வெடிக்காத மூன்று ரிம்களையும் பழைய அலுமினிய விலைக்குக் கழித்துக்கொண்டார்.

ரன்பிளாட் டயரின் பக்கச்சுவர் தடித்தது என்பதால், காற்று முழுவதும் போனாலும் மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேற்படாத வேகத்தில் பொதுவாக ஏறத்தாழ 80 கிலோமீற்றர் வரை ஓடலாம். அந்தத் தைரியத்தில்தான் இத்தகைய கார்கள் பலவற்றுக்கு மேலதிகச் சில்லே கொடுப்பதில்லை. ஆனால் பாரத்தைத் தாங்குவது டயர் என்றாலும், அந்த டயரை இடம் பெயராமல் பிடித்து வைப்பது ரிம். டயரின் விளிம்பு அமரும் இடத்தையொட்டி ரிம்மைச் சுற்றி ஒரு மேடு ஓடும்; அது சாதாரண அளவில் இருந்தால் 'எச் 2', ரன்பிளாட்டுக்காக உயர்த்தப்பட்டிருந்தால் 'ஈஎச் 2' என்று ரிம்மில் பொறித்திருப்பார்கள். காற்று இருக்கும் வரை அதன் அழுத்தமே விளிம்பைப் பிடித்துக்கொள்வதால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பூட்டலாம் என்று முதலாளி சொன்னது பொய்யில்லை. அவருக்கு வசதியாய்ப் போனதும் அதுதான்.

பொலன்னறுவையிலிருந்து இரவில் திரும்பும்போது, புணானைக்கு அருகில் காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு எரிந்தது. யானை நடமாடும் அந்தப் பாதையில் இறங்கி நிற்க மனம் வராமல், வேகத்தைக் குறைத்து வாழைச்சேனை வரையாவது போய்விடலாம் என்று ஓட்டினேன். ஒரு வளைவில் முன் இடது டயரின் விளிம்பு கழன்று உள்ளே சரிய, ரிம் தார்ச்சாலையில் உராய்ந்தபடி கார் ஓரமாக இழுத்துக்கொண்டு போய் நின்றது.

பின்னர் கல்முனையில் ஒரு மெக்கானிக் அந்த ரிம்மைக் கவிழ்த்து, பின்புறத்துக் கரியைத் துணியால் துடைத்துக் காட்டினார்: '7.5 ஜே × 17 எச் 2'. கடைக்காரருக்கு வேண்டாமல்போய் என் வீட்டில் கிடந்த வெடித்த ரிம்மில் 'ஈஎச் 2' என்று தெளிவாக இருந்தது. இரண்டு மேடுகளின் மீதும் விரலை ஓட்டினால் கண்ணை மூடிக்கொண்டே வித்தியாசத்தைச் சொல்லிவிடலாம். டயரின் உள்ளே ரப்பர் தூளாக உதிர்ந்து கிடந்தது. ஒட்டுப்போட்டுப் பயனில்லை என்றார்.

கடையிலோ, நான் வேகமாக ஓட்டியிருப்பேன் என்று கையை விரித்துவிட்டார்கள். பற்றுச்சீட்டில் 'ரிம் 4' என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட்டிருக்கிறேன். அவர்களுடைய தொலைபேசி இலக்கம் 1977.

சில டயர் நிறுவனங்கள் தமது ரன்பிளாட்களைச் சாதாரண ரிம்மிலும் பூட்ட அனுமதிப்பதுண்டு என்பதால், வாகனத்தின் கையேட்டையும் டயர் நிறுவனத்தின் அறிவுறுத்தலையும் பார்த்துக்கொள்ளுங்கள். ரிம்மைக் கவிழ்த்து அதிலுள்ள எழுத்தை நீங்களே படியுங்கள். அதே எழுத்தைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரக் கடைக்காரர் தயங்கினால், பழைய ரிம்களைக் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.