பிஇசி பயிற்சியா, செய்முறைப் பணியா?

மூன்றாம் ஆண்டு பொறியியல் மாணவர்களுக்கு அலுவலக ஆங்கிலம் எடுப்பவர் முன்னால் பொதுவாக இரண்டு வழிகள். ஒன்று, கேம்பிரிட்ஜின் பிஇசி (பிசினஸ் இங்கிலீஷ் சர்டிஃபிகேட்) என்கிற அலுவலக ஆங்கிலத் தேர்வை ஒட்டிய பயிற்சி. மற்றது செய்முறைப் பணி, அதாவது அலுவலகத்தில் வருகிற மாதிரி ஒரு காரியத்தைக் கொடுத்து முடிக்கச் சொல்வது. நான் இரண்டாவதுக்கு மாறிவிட்டவன். என் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும்.

பிஇசியில் பாடத்திட்டம், மாதிரித்தாள் எல்லாம் தயார். கடைசியில் சான்றிதழும் உண்டு. அதன் மூன்று நிலைகளில் நடுவிலுள்ள வான்டேஜில் 40-50 சொல்லில் அலுவலகக் குறிப்பு எழுத வேண்டும். நல்ல பயிற்சிதான். ஆனால் அதற்கு யாரும் பதில் போடுவதில்லை.

செய்முறையில் பதில் வரும். பாதி வகுப்புக்கு ஒரு சீட்டு: வாங்கிய 10 பிரிண்டரில் 3 ஓடவில்லை, வெள்ளிக்குள் மாற்றித் தரச் சொல்லுங்கள். மறுபாதி விற்பனையாளர்கள், கையிருப்பு 2தான் என்பது அவர்கள் சீட்டில் மட்டும் இருக்கும். முதல் மெயில் 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கி 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்று முடியும். என்ன கோளாறு என்பதே இருக்காது. எதிர்த்தரப்பு 'விச் மாடல்?' என்று கேட்டதும், அடுத்த மெயிலில் மாடல் எண் வந்துவிடும். இது என் கண்டுபிடிப்பல்ல. மொழி கற்பித்தல் அறிஞர் என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய பெங்களூர் திட்டத்திலேயே இப்படி ஒருவரிடம் இருக்கும் தகவலை மற்றவர் கேட்டு வாங்க வேண்டிய 'தகவல் இடைவெளி'ப் பணி உண்டு. அவர் அதிகம் நம்பியது யோசித்து முடிவெடுக்க வைக்கும் பணிகளை. மூன்று கேட்பவருக்கு இரண்டை வைத்துக்கொண்டு என்ன சொல்வது என்பதில் அதுவும் வந்துவிடுகிறது.

சிக்கல் திருத்துவதில். 60 பேர், ஆளுக்கு மூன்று நிமிடம் என்றாலே மூன்று மணி நேரம், அதுவும் வாராவாரம். ஆர்வமாக ஆரம்பிக்கிற ஆசிரியர்கள் கைவிடுவது இங்கேதான். நான் எல்லா மெயிலையும் திறப்பதில்லை. முதல் சுற்றுத் திருத்தத்தை எதிர்த்தரப்பின் கேள்விகளே செய்துவிடும். ஜோடிக்கு ஒன்றாகக் கடைசி மெயிலை மட்டும் படிப்பேன். ஆர்ட்டிகிள் விட்டுப்போனதைக் கண்டுகொள்ள மாட்டேன். தேதியோ எண்ணிக்கையோ குழம்பினால் விடமாட்டேன். அகமதிப்பீட்டுக்கு இது போதுமா என்று துறைத்தலைவர் கேட்பார்; மெயில்களை அச்செடுத்துக் கோப்பில் வைத்துவிடுங்கள்.

தொலைபேசிப் பணிகளை நான் அதிகம் செய்து பார்த்ததில்லை. கலைக்கல்லூரி முதலாண்டில் இது எடுபடுமா என்றும் அடித்துச் சொல்ல மாட்டேன். கல்லூரி வளாகத்தில் நடக்கும் வேலைத் தேர்வுக்கு இரண்டே மாதம்தான் என்றால் பிஇசி பாணிப் பயிற்சியே மேல். அதன் முதல் சுற்றில் கேட்பது பெரும்பாலும் பிழை கண்டுபிடி, கோடிட்ட இடம் நிரப்பு.