துள்ளுமாரி தடுப்பூசி: இரண்டாவது ஊசியை விட்டுவிடாதீர்கள்

துள்ளுமாரி என்பது ஆடுகளைத் திடீரென்று கொல்லும் குடல் நச்சு நோய். "துள்ளுமாரிக்கு ஊசி போட்டும் ஆடு செத்துப்போச்சு" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். முதல் வருடம் நானும் அப்படித்தான் சொன்னேன், ஆனால் தப்பு மருந்தில் இல்லை, ஒரு ஊசியோடு நிறுத்திய என்னிடம்தான் இருந்தது. அந்த வருடம் தானியம் கலந்த அடர்தீவனத்தைத் திடீரென்று கூட்டினேன், நாலாம் நாள் விடியலில் பட்டியைத் திறந்தால் இருந்ததிலேயே கொழுத்த குட்டி தலையை முதுகுப் பக்கம் வளைத்துக் கிடக்கிறது, அது உதைத்து உதைத்து, கால் பட்ட மண் அரைவட்டமாகப் பறிந்திருந்தது. வைத்தியம் பார்க்க நேரமே கிடைக்கவில்லை.

இந்த நோய்க்குக் காரணமான கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் டி வகைக் கிருமி நல்ல ஆட்டின் குடலிலும் கொஞ்சம் இருக்கும். மாவுச்சத்து அளவுக்கு மீறி உள்ளே போனால் சட்டென்று பெருகி எப்சிலான் என்ற நச்சை வெளிவிடும், அது இரத்தத்தில் கலந்து மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். அதனால்தான் நன்றாகத் தின்கிற குட்டியே முதலில் போகிறது.

தடுப்பூசியில் இருப்பது செயலிழக்க வைத்த நச்சு. முதல் ஊசி உடம்புக்கு அறிமுகம் மாதிரிதான், சில வாரம் கழித்துப் போடும் இரண்டாவது ஊசிதான் உண்மையான பாதுகாப்பு. இதை லேபிளில் பொடி எழுத்தில் போட்டிருப்பது எனக்குப் பெரிய குறை. செம்மறிக்கு அப்புறம் வருடம் ஒருமுறை போதும், வெள்ளாட்டுக்கு எதிர்ப்பு சக்தி சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால் நான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுகிறேன். சினை ஆட்டுக்கு ஈனுவதற்கு ஒரு மாதம் முன்னால் போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் காப்பு கிடைக்கும்.

பாட்டிலை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், ஒருமுறை உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். தோலுக்கு அடியில் போட்ட இடத்தில் சின்னக் கட்டி வரும், என் ஆடுகளுக்குத் தானாகவே வற்றிவிட்டது.

இரண்டு ஊசியும் ஒழுங்காகப் போட்ட பிறகு துள்ளுமாரியில் ஒரு குட்டியும் போகவில்லை. தீவனத்தையும் இப்போது இரண்டு வாரம் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுகிறேன். அடுத்த ஊசிக்கான தேதியை அட்டையில் எழுதிப் பட்டிக் கதவிலேயே கட்டிவிட்டேன்.