வயிற்றுக்குள் நீர்க்கட்டி: காத்திருப்பா, ஊசியா, கத்தியா?

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘மெசென்டெரிக் சிஸ்ட்’ என்று வந்துவிட்டால் முன்னால் இருப்பவை மூன்று வழிகள்தான். தொடாமல் விட்டுக் கண்காணிப்பது, ஊசி குத்தி நீரை உறிஞ்சுவது, கட்டியையே முழுசாக எடுத்துவிடுவது. மூன்றையும் யோசித்துவிட்டு நான் லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்யும் அறுவையில், கட்டியை எடுத்துக்கொண்டேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

சிறுகுடலை வயிற்றின் பின்சுவரோடு பிடித்து வைத்திருக்கும் சவ்வுதான் மெசென்டெரி. குடலுக்குப் போகும் ரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் அதற்குள்தான் ஓடுகின்றன. அதன் மடிப்புகளுக்கு நடுவே நீர் சேர்ந்து பை போல வளர்வது இந்தக் கட்டி. மிக அரிது. மருத்துவமனையில் சேரும் பெரியவர்களில் 1,00,000 முதல் 2,50,000 பேருக்கு ஒருவரிடம்தான் காணப்படுகிறது என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. பலருக்கு வேறு எதற்காகவோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரிய வரும்.

கண்டுபிடிப்பதில் பெரிய போட்டி இல்லை. முதலில் அல்ட்ராசவுண்ட். உள்ளே இருப்பது நீரா, திடமா, தடுப்புச் சுவர்கள் உண்டா என்பதை அது சொல்லிவிடும். ஆனால் கட்டி எங்கிருந்து கிளம்புகிறது என்பதில் அது தடுமாறும். பெண்களுக்குச் சினைப்பைக் கட்டி என்றே ரிப்போர்ட் வருவது உண்டு. எந்த ரத்தக் குழாயை ஒட்டியிருக்கிறது, குடலை எவ்வளவு தள்ளுகிறது என்பதற்கு சி.டி. வேண்டும். உள்ளிருக்கும் திரவத்தின் தன்மையை எம்.ஆர்.ஐ. இன்னும் தெளிவாகக் காட்டும், கதிர்வீச்சும் இல்லை. இவற்றுக்கு முன்பே கையால் பார்க்கும் ஒரு பழைய சோதனையும் உண்டு. கட்டியைத் தள்ளினால் பக்கவாட்டில் நகரும், மேலும் கீழும் நகராது. 1880இல் இந்தக் கட்டியை முதன்முதலில் வெற்றிகரமாக அறுத்தெடுத்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் டில்லோவின் பெயரில் அது வழங்குகிறது. எனக்கும் செய்து பார்த்தார்கள். அவ்வளவு எளிய சோதனைக்கு இவ்வளவு பலன் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

இத்தனைக்குப் பிறகும் ‘இது சாதாரணக் கட்டிதான்’ என்று எந்த ஸ்கேனும் கையெழுத்துப் போட்டுத் தராது. புற்றாக இருக்கும் வாய்ப்பு சுமார் 3 சதவீதம்தான், ஆனால் அந்த 3 சதவீதத்தை உறுதியாக விலக்குவது கட்டிச் சுவரின் பயாப்ஸி (திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) மட்டுமே.

சரி, காத்திருப்பது? கட்டி சிறியது, சுவர் மெல்லியது, உள்ளே திடப்பகுதி இல்லை, தொந்தரவும் இல்லை என்றால் இது நியாயமான வழி. குறிப்பாக வயதானவர்களுக்கு. சிக்கல் என்னவென்றால், கட்டி முறுக்கிக்கொள்ளலாம், உள்ளே ரத்தம் கசியலாம், சீழ் பிடிக்கலாம், குடலை அடைக்கலாம். அப்போது நடப்பது அவசர அறுவை. நாளும் நம் கையில் இல்லை, மருத்துவரும் நம் தேர்வு இல்லை.

ஊசி வழிதான் முதலில் என்னை இழுத்தது. மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே உறிஞ்சிவிடுவார்கள். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம். தழும்பும் இல்லை. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் நீர் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் கதை மாறுகிறது. நீரைச் சுரப்பது கட்டியின் உள்சுவர்ச் செல்கள். நிணநீர்க் கட்டியானால் வடிய வழியில்லாத நிணநீர் வந்து தேங்குகிறது. ஊசி நீரை மட்டும்தான் எடுக்கிறது, சுவர் அங்கேயே இருக்கிறது. ஊறும் கிணற்றை இறைத்து வற்ற வைக்கப் பார்ப்பது போலத்தான். மறுபடி நிறையும், மறுபடி குத்த வேண்டும்.

அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. ஒவ்வொரு முறை குத்தும்போதும் கிருமி புகவோ ரத்தம் கசியவோ வாய்ப்பு உண்டு. அப்படி ஆனால் சுவர் தடித்துப் பக்கத்துச் சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு எடுத்துவிடலாம் என்று முடிவு செய்யும்போது, முன்பு சுலபமாகப் பிரிந்திருக்கக்கூடியது பிரியாது. உறிஞ்சிய நீரில் கெட்ட செல் இல்லை என்று வந்தாலும் சுவரில் இல்லை என்று அர்த்தமாகாது. இன்னொன்று, அது நாடாப்புழுவால் வரும் ஹைடேட்டிட் கட்டியாக இருந்தால், முன்னேற்பாடின்றிக் குத்துவது ஆபத்து. உள்ளிருப்பது வயிற்றுக்குள் சிந்திக் கடும் ஒவ்வாமை வரலாம், புதுக் கட்டிகளும் முளைக்கலாம். ஊசி போடும் முன் அதற்கான ரத்தப் பரிசோதனை உண்டா என்று கேட்பதில் தப்பே இல்லை.

மயக்க மருந்து தாங்காத உடம்புக்கும் தற்காலிக நிவாரணத்துக்கும் ஊசி சரி. பல அறைகளோடு முக்கிய ரத்தக் குழாய்களைச் சுற்றிப் படர்ந்த நிணநீர்க் கட்டிகளுக்கு, உறிஞ்சிவிட்டு டாக்சிசைக்ளின், பிளியோமைசின் போன்ற மருந்தைச் செலுத்திச் சுவரையே சுருங்க வைக்கும் முறையும் இருக்கிறது. சில தடவைகள் செய்ய வேண்டி வரும். என்னுடையது ஒற்றை அறைக் கட்டி, அதனால் இதை நான் சொந்தமாக எடைபோட்டுப் பார்க்க நேரவில்லை.

முழுசாக எடுப்பதில் சுவரோடு போய்விடுகிறது. அதன்பின் திரும்ப வருவது அரிது. என் தேர்வு முழுக்க இந்த ஒன்றின் மேல்தான் நின்றது. 1993இலிருந்தே லேப்ராஸ்கோப்பியில் செய்கிறார்கள். கட்டி பெரிதாக இருந்தால் வயிற்றைக் கிழித்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கேமராவில் பார்த்தபடி நீரை உறிஞ்சி, சுருங்கிய பையைப் பிரித்து, ஓர் உறையில் போட்டுச் சிறு துளை வழியே வெளியே எடுப்பார்கள். ஆக, ஊசி இங்கேயும் வருகிறது, ஆனால் சுவரும் கூடவே வெளியேறுகிறது. எனக்கு வலி எதிர்பார்த்ததைவிடக் குறைவு. தோளில் ஒரு வலி வந்தது, வயிற்றை உப்ப வைக்கச் செலுத்தும் வாயுவால் என்றார்கள், தானே போய்விட்டது. பயாப்ஸி ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்ததுதான் பெரிய பாடு.

எடுப்பதற்கு விலை இல்லாமல் இல்லை. கட்டியும் குடலும் ஒரே ரத்தக் குழாயைப் பங்கிட்டுக்கொண்டிருந்தால் அந்தக் குடல் துண்டையும் வெட்டி இணைக்க வேண்டி வரும். குழந்தைகளுக்கு இது இன்னும் அதிகம், அங்கே என் கணக்கை அப்படியே பொருத்த வேண்டாம். எடுக்கவே முடியாத இடமானால் சுவரில் ஜன்னல் வெட்டித் திறந்துவிடுவார்கள்; சுவரின் மிச்சம் உள்ளே தங்குவதால் திரும்ப வரும் வாய்ப்பும் தங்கும்.

என் வாதம் தலைகீழாகும் ஒரு வகையும் உண்டு. வயிற்றில் முன்பே அறுவை நடந்த பெண்களுக்கு, உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உண்டான ஒட்டுகளுக்கிடையே சினைப்பை சுரக்கும் நீர் தேங்கி உருவாகும் கட்டி அது. அதை அறுத்தெடுத்தால் புது ஒட்டு, அப்புறம் புதுக் கட்டி. அங்கே காத்திருப்பதும், ஹார்மோன் மாத்திரையும், தேவைப்பட்டால் ஊசியும்தான் முந்துகின்றன. எனவே ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இது எந்த வகை?’ என்பது. இரண்டாவது, ஒப்புதல் படிவத்தில் குடலை வெட்டுவதும் வயிற்றைத் திறப்பதும் சேர்ந்திருக்கிறதா, இருந்தால் எந்த நிலையில் அதைச் செய்வார்கள் என்பது. பதில் தெளிவாக வரும்வரை கையெழுத்துப் போட வேண்டாம்.