ஆறரை வருடம், ஒரு இன்வெர்ட்டர், இரண்டு பேட்டரி

இன்வெர்ட்டர் வாங்கப் போனால் கடையில் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை ஃபேன், எத்தனை லைட்டு சார்?" மாதத்தில் எத்தனை நாள் வீட்டில் இருப்பீர்கள், நீங்கள் இல்லாத நாளில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டு முதல் பேட்டரி 43 மாதத்தில் போனதற்கும், இரண்டாவது இன்றும் நன்றாக ஓடுவதற்கும் காரணம் அந்தக் கேட்காத கேள்வியில்தான் இருக்கிறது.

எனக்கு வேலை வெல்டிங் இன்ஸ்பெக்‌ஷன். திருவெறும்பூர்ப் பக்கத்துக் கம்பெனி. அனல்மின் நிலையங்களில் வருடாந்திர ஷட்டவுன் வந்தால் பாய்லர் குழாய்களைப் பார்க்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். கோர்பா, சிங்ரௌலி என்று ஒரு தடவை போனால் 12 நாளாவது ஆகும். வீடு திருவானைக்காவலில். அம்மா, பள்ளி ஆசிரியையான மனைவி, ஒரு மகள். எங்கள் வீட்டில் "ஷட்டவுன்" என்று யாராவது சொன்னால் மகள் உடனே கேட்பாள்: "அப்பாவுக்கு வேலை இருக்கிற ஷட்டவுனா, மிக்சிக்கு வேலை இல்லாத ஷட்டவுனா?" ஊருக்கெல்லாம் மின்சாரம் எடுக்கிற இடத்தில் நான் நின்றுகொண்டிருக்கும்போது வீட்டிலிருந்து "கரண்ட் இல்ல" என்று போன் வருவது எனக்குப் பழகிவிட்டது.

இன்வெர்ட்டர் எங்களுக்குப் புதிதல்ல. 2012-ல் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போன காலத்தில் ஒரு ஸ்கொயர் வேவ் வாங்கினோம், கரண்டைச் சீரான அலையாகத் தராமல் கட்டம் கட்டமாகத் தருகிற ரகம். அதில் ஃபேன் சுற்றும், ஆனால் ராத்திரி முழுக்க ஙொய் என்று வண்டு மாதிரி சத்தம். அது செத்தபின் கொஞ்ச வருடம் எதுவும் இல்லாமலேயே ஓட்டினோம். 2018 நவம்பர் 16-ம் தேதி விடியற்காலையில் கஜா புயல் கரை கடந்தது. பட்டுக்கோட்டை அத்தை வீட்டில் தென்னையெல்லாம் சாய்ந்து, கம்பங்களும் சாய்ந்து, வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. அத்தையும் மாமாவும் இங்கே வந்து தங்கினார்கள். ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டிலும் கரண்ட் போனது. அத்தை இருட்டில் உட்கார்ந்தபடி, "இங்கயும் போயிருச்சாப்பா" என்று மட்டும் சொன்னார். அடுத்த மார்ச்சில் சம்பள அரியர்ஸ் வந்ததும் நான் செய்த முதல் செலவு இதுதான்.

900 விஏ (எவ்வளவு சுமை இழுக்கும் என்கிற அளவு) சைன் வேவ் (சீரான அலை தருகிற ரகம்) இன்வெர்ட்டர் ஒன்று, 150 ஏஹெச் (எவ்வளவு கரண்ட் சேமிக்கும் என்கிற அளவு) டால் டியூபுலர் (குழாய் வடிவத் தகடு வைத்த உயரமான ரகம்) பேட்டரி ஒன்று. இரண்டும் சேர்த்து 18,500 ரூபாய். டிராலி, தனி லைன் இழுக்கிற கூலி எல்லாம் போட்டு இன்னொரு 2,000. கடைக்காரர் எட்டு மணி நேரம் தாங்கும் என்றார். கணக்கு அப்படி வராது. 150 ஏஹெச்சை 12 வோல்ட்டால் பெருக்கினால் 1,800 வாட் மணி. இன்வெர்ட்டர் தின்பது கொஞ்சம் போகும், பேட்டரியை அடிமட்டம் வரை வடிக்கவும் கூடாது. அதனால் முக்கால் பங்குதான் கைக்கு வரும். பழைய மாடல் ஃபேன் மூன்று (ஒன்று 75 வாட்), எல்இடி மூன்று, வைஃபை டப்பா ஒன்று என்று போட்டால் 300 வாட். சரியாக நாலரை மணி நேரம். மாதாந்திரப் பராமரிப்பு என்று ஈபிக்காரர்கள் காலை 9 மணிக்கு நிறுத்தினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே தீர்ந்துவிடும். அதற்கு மேல் அம்மா பனையோலை விசிறியோடு திண்ணைக்குப் போய்விடுவார்.

முதல் இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. காரணம் பேட்டரியின் பெருமையல்ல, கொரோனா. 2020-ல் நான் எங்கும் போகவில்லை. வேறு வேலை இல்லாததால் மாதம் ஒரு தடவை மூடியைத் திறந்து பார்ப்பேன், டெர்மினலைத் துடைத்து வாசலின் தடவுவேன், ஆசிட்டின் அடர்த்தியை அளக்கிற ஹைட்ரோமீட்டர் கூட வாங்கி ஆறு செல்லையும் அளந்து ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். எல்லாம் 1.240-ஐ ஒட்டியே இருக்கும். அந்த நோட்டு பிறகு மகளின் கணக்கு ரஃப் நோட்டாக மாறிவிட்டது. நான் திரும்ப ஊர் சுற்றக் கிளம்பிவிட்டேன் என்று அர்த்தம்.

2022 பிப்ரவரியில் கோர்பாவில் இருந்தேன். மனைவி போனில், "என்னங்க, பேட்டரில குச்சியெல்லாம் உள்ள போய் சிவப்பா தெரியுது" என்றாள். தண்ணீர் மட்டம் காட்டுகிற மிதவைக் குச்சி அது, பச்சை தெரிந்தால் சரி, சிவப்பு தெரிந்தால் தண்ணீர் குறைவு. நான் பாய்லருக்குள் சாரத்தில் நின்றுகொண்டு, "தண்ணி ஊத்தணும், அவ்ளோதான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவள் ஊற்றினாள். சமையலறை ஆர்ஓ தண்ணீரை. அதுவும் குச்சி மேலே வரட்டும் என்று வாய் வரைக்கும். டிஸ்டில்டு வாட்டர் என்று நான் சொல்லவில்லை, எவ்வளவு என்றும் சொல்லவில்லை. ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. சார்ஜ் ஏறும்போது குறைவது தண்ணீர் மட்டும்தான், கூட வந்த உப்பும் தாதுவும் உள்ளேயே தங்கித் தகட்டைக் கெடுக்கும்.

அன்றைக்கு உடனே தெரிந்தது வேறு. வாய் வரை நிரப்பிய பேட்டரி சார்ஜ் ஆகும்போது உள்ளே குமிழியிட்டுப் பொங்கும். ஆசிட் கலந்த தண்ணீர் மூடி வழியாகக் கசிந்து டிராலியை நனைத்து, மொசைக் தரையில் ஒரு வெள்ளைத் தழும்பு போட்டது. மனைவி அதைத் துடைத்தபோது புடவை முந்தானை பட்டிருக்கிறது. பட்ட இடத்தில் ஈரம் மட்டும்தான் தெரிந்ததாம். துவைத்துக் காயப்போட்டு எடுத்தபோதுதான் சல்லடை மாதிரி ஓட்டைகள். பள்ளிக்குக் கட்டிக்கொண்டு போகிற செட்டிநாட்டுக் காட்டன், வாங்கி ஒரு மாதம் ஆகவில்லை. நான் ஊர் திரும்பியதும் புடவையை விரித்துக் காட்டினாள், ஒரு வார்த்தை பேசவில்லை. பேட்டரிக்கு ஆன செலவு என்று யாராவது கேட்டால் அந்தப் புடவையின் 1,400 ரூபாயையும் நான் சேர்த்துச் சொல்வது அதற்காகத்தான். ஆசிட் சிந்தினால் துணியால் துடைக்கக் கூடாது, முதலில் சமையல் சோடாவைத் தூவ வேண்டும். நுரைத்து அடங்கியபின் தண்ணீர் விட்டுக் கழுவலாம்.

இதையும் அந்தப் பேட்டரி தாங்கியது. தாங்காதது அதே வருடம் அக்டோபரில் நடந்தது.

காலாண்டு விடுமுறை. ஆயுத பூஜையை ஒட்டி அம்மா, மனைவி, மகள் மூவரும் அத்தை வீட்டுக்குக் கிளம்பினார்கள். நான் வழக்கம்போல ஊரில் இல்லை, சிங்ரௌலி. வீட்டைப் பூட்டுவதற்கு முன் அம்மா மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். நாற்பது வருடமாக அவர் செய்கிற காரியம். கேஸை மூடு, மெயினை இறக்கு, பூட்டை இழுத்துப் பார். பழைய வீட்டில் அது சரியான காரியமும்கூட.

ஆனால் மெயின் இறங்கினால் இன்வெர்ட்டருக்கு என்ன தெரியும்? கரண்ட் போய்விட்டது என்று நினைத்துத் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிடும். அதன் லைனில் வைஃபை டப்பா, திருடனுக்குப் பயந்து எரியவிட்ட வாசல் லைட், இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. இன்வெர்ட்டர் சும்மா இருக்கவே ஒரு 12 வாட் தின்னும். எல்லாம் சேர்த்து நாற்பது சொச்சம் வாட். ஒன்றரை நாளில் பேட்டரி காலி. அதற்கப்புறம் எட்டு நாள் காலியாகவே கிடந்திருக்கிறது. ஈய ஆசிட் பேட்டரிக்கு இதைவிடப் பெரிய கொடுமை இல்லை. கரண்ட் வடிய வடியத் தகட்டில் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும், நாள்கணக்கில் விட்டால் கெட்டியாகிப் படிகமாக உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் எவ்வளவு ஏற்றினாலும் முழுசாகத் திரும்பாது.

வந்து சார்ஜ் போட்டோம். ஐந்து செல் எழுந்தது, ஒன்று 1.110-ஐத் தாண்டவே இல்லை. பேட்டரிக்காரர் பார்த்துவிட்டு, "ஒரு செல் போயிடுச்சு சார், மத்ததையும் சேத்து இழுத்துரும்" என்றார். இழுத்தது. தீபாவளிக்குள் இருபது நிமிடம்கூடத் தாங்காத நிலை.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது, "பூட்டிட்டுப் போறப்ப மெயின எறக்காம போவாங்களாடா?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. மெயினை இறக்குவதாக இருந்தால் அதற்கு முன் இன்வெர்ட்டரின் முன்பக்கச் சுவிட்சையும் அணைத்துவிட வேண்டும் என்று வாங்கின அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். மூன்றரை வருடத்தில் ஒரு நாள் கூடச் சொல்லவில்லை. ஏனென்றால் நான் இருக்கும்போது யாரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனதில்லை.

வாரண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. 60 மாத வாரண்டி என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தது. முதல் 36 மாதம்தான் இலவச மாற்று, மீதி 24 மாதம் தள்ளுபடி மட்டும். அந்தத் தள்ளுபடியையும் எம்ஆர்பியில்தான் கழிப்பார்கள். கடையில் யாரும் எம்ஆர்பிக்கு விற்பதில்லை. கழித்து வந்த தொகையும், பழைய பேட்டரியை எடைக்குப் போட்டு வெளியே புதிது வாங்கினால் ஆகிற தொகையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. எடைக்கே போட்டேன். ஈயத்துக்கு விலை உண்டு, பேட்டரி 55 கிலோ சொச்சம் இருந்தது. நவம்பர் கடைசியில் அதே 150 ஏஹெச்சில் வேறு கம்பெனிப் பேட்டரி வந்தது.

2023-ல் இரண்டு வைகுண்ட ஏகாதசி. ஜனவரி 2-ம் தேதி ஒன்று, டிசம்பர் 23-ம் தேதி ஒன்று. ஸ்ரீரங்கத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். முதல் ஏகாதசிக்கு எங்கள் வீட்டில் பதினான்கு பேர். பரமபதவாசல் திறப்பதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று ராத்திரி இரண்டரைக்கே எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கெய்சருக்கு வரிசை. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டது. எல்லா லைட்டும் எரிந்தது, "பரவாயில்லையே" என்று மச்சான் பாராட்டினார். இரண்டு நிமிடத்தில் கீ கீ கீ என்று கத்திவிட்டு எல்லாம் அணைந்தது. பதினான்கு பேர் இருட்டில், பாதிப் பேர் பாதித் துணியில். ரீசெட் பண்ணினேன். மறுபடி கத்தியது. டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பிளக்காகப் பார்த்தால், கொல்லைப்புறத்து அறையில் ஒரு பக்கெட், அதில் தண்ணீர் காய வைக்கிற ராடு. 1,500 வாட். மாமா கெய்சர் வரிசையில் நிற்கப் பொறுமையில்லாமல் ஊரிலிருந்தே கொண்டுவந்த ராடைச் செருகியிருக்கிறார். "வேற எந்த பாயிண்டுலயும் கரண்ட் இல்ல மாப்ள, இதுல மட்டும்தான் இருந்துச்சு" என்றார். சரியான காரணம்தானே!

மறுநாளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இன்வெர்ட்டர் லைனில் இருந்த பிளக் பாயிண்ட்டுகளை எல்லாம் வெட்டிவிட்டேன், வைஃபைக்கும் போன் சார்ஜருக்கும் ஒன்றைத் தவிர. விருந்தாளி வருகிற வீட்டில் இதை முதலிலேயே செய்ய வேண்டும். டிசம்பர் ஏகாதசி சத்தமில்லாமல் போனது.

அந்த வருடம் செய்த இன்னொரு காரியம், மூன்று ஃபேனையும் மாற்றி, கரண்ட் குறைவாகத் தின்கிற மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் போட்டது. ஒன்றுக்கு 30 வாட். மொத்தச் சுமை 165-க்கு இறங்கியது. பெரிய பேட்டரி வாங்குவதற்குப் பதில் ஃபேனை மாற்றலாம் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பது இதனால்தான். இப்போது 9 மணிக்கு நிறுத்தினால் சாயங்காலம் 4 வரை பிசகில்லாமல் ஓடுகிறது. அம்மாவின் விசிறி பரணுக்குப் போய்விட்டது.

இன்று வாங்குவதாக இருந்தால் இதையே வாங்குவேனா? இல்லை, லித்தியம் வாங்குவேன். விலை ஏறக்குறைய இரட்டிப்பு, ஆனால் தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆசிட் இல்லை, புடவை பிழைக்கும். ஆசையாக மூடி திறந்து பார்க்க ஆள் இருக்கிற வீட்டுக்கு டியூபுலரே போதும். இருக்கிற பேட்டரி நன்றாக இருப்பதால் அவசரமில்லை. மூன்று வருடம் ஆகிறது, நாலு மாதத்துக்கு ஒரு தடவை ஒன்றரை லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் குடிக்கிறது. ஊற்றுவது அம்மா. குச்சி பச்சைக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைத் தூக்கிப் போடாமல் மடித்து எடுத்து வைத்துக்கொள்வார், அதுதான் அவருடைய பதிவேடு.

மெயின் பெட்டி மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. அதுவும் அவர் எழுத்துதான். மேலே பிள்ளையார் சுழி. கீழே: "முதலில் இன்வெட்டர் பட்டன். பிறகு இது. மாமாவுக்கும் சேர்த்து."