மெக்கானிக்கல் மாடா, ரெகுலேட்டட் மாடா?

இ-சிகரெட்டில் பேட்டரி வைக்கும் பகுதிதான் மாட். அதில் சூடாகி ஆவி எழுப்பும் கம்பிச் சுருளான காயிலைத் தானே சுற்றப் புதிதாகப் பழகுபவருக்கு ரெகுலேட்டட் மாட்தான். மெக்கானிக்கலில் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சிப் கிடையாது. பேட்டரி, பட்டன், காயில், அவ்வளவே. ஷார்ட் ஆனால் தடுக்க ஆளில்லை.

முழுச் சார்ஜில் செல் 4.2 வோல்ட். காயில் 0.2 ஓம் என்றால் 21 ஆம்ப் இழுக்கும். 15 ஆம்ப் தொடர்ந்து தாங்கும் 18650 அளவு லித்தியம் செல்லுக்கு அது அத்துமீறல். 26 கேஜ் கான்தல் என்ற காயில் கம்பியை 3 மி.மீ. தடிமனுள்ள தண்டின்மேல் 7 சுற்று சுற்றினால் ஏறக்குறைய 0.9 ஓம், 5 ஆம்புக்குள் அடங்கும். ஹைப்ரிட் தலை உள்ள மாடில், அதாவது அட்டாமைசர் (காயில் இருக்கும் மேல்பகுதி) நேரே பேட்டரியைத் தொடும் மாடில், அட்டாமைசரின் 510 முனை (அடியில் உள்ள பிளஸ் முனை) நன்றாக வெளியே துருத்தி நிற்க வேண்டும். உள்வாங்கியிருந்தால் பேட்டரியின் பிளஸ் நேரே மைனஸான மரையில் பட்டு ஷார்ட். மூடிய குழாய்க்குள் செல் வாயு கக்கினால் வெடிப்புதான்.

ரெகுலேட்டட் மாட் ஓமைத் திரையில் காட்டும், ஷார்ட் என்றால் சூடாக்க மறுக்கும். ஆனால் பலர் தவறுவது இங்கேதான்: பேட்டரி தரும் ஆம்பைத் தீர்மானிப்பது காயிலின் ஓம் அல்ல, நீங்கள் வைக்கும் வாட். ஒற்றைச் செல்லில் 60 வாட் வைத்தால், 3.2 வோல்ட்டுக்கு இறங்கியதும் சுமார் 19 ஆம்ப். சிப் இழப்பும் சேர்ந்தால் 20ஐத் தொடும்.

ஓம் குதித்துக் குதித்து மாறினால் முதலில் காயிலைப் பிடிக்கும் ஸ்க்ரூவை இறுக்குங்கள். காயிலின் ஓரம் முதலில் சிவந்தால், திரவத்தை உறிஞ்சும் பஞ்சு வைக்கும் முன், குறைந்த வாட்டில் சூடாக்கி, பட்டனை விட்டபின் செராமிக் ட்வீசரால் சுற்றுகளை நெருக்குங்கள். மெக்கானிக்கலில் இதற்கெல்லாம் தனி ஓம் மீட்டர் வாங்க வேண்டும்.

செல்லின் பிளாஸ்டிக் உறை கிழிந்திருந்தால் எதிலும் போடாதீர்கள்: உள்ளே இருக்கும் உலோகக் கூடு முழுவதும் மைனஸ், பிளஸ் பக்கம் தொட்டால் ஷார்ட்.