காற்றுப் புகாத பையில் ஆறு மாதம் கிடந்த கடலை

திண்டிவனம் பக்கம் மானாவாரியில் கடலை போடுகிறவன் நான். விதைக்காயைச் சணல் சாக்கில் கட்டி வைத்தால் வண்டு விழுந்துவிடும். இந்த முறை, உள்ளே பிளாஸ்டிக் உறை உள்ள காற்றுப் புகாத பை இரண்டு வாங்கினேன். காதருகே காயைக் குலுக்கினால் கலகலக்கும்வரை, ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காயவைத்தேன். அப்புறம் காற்றை அமுக்கி வெளியேற்றி, உறையின் வாயை முறுக்கி மடித்துக் கட்டினேன். ஆறு மாதம் கழித்துப் பிரித்தால் சிக்கு வாடையே இல்லை. பருப்புத் தோலில் அதே இளஞ்சிவப்பு. இன்னொரு பையை எலி கடித்திருந்தது. அதில் வண்டும் மாவும்தான். விற்றவர் எலியைப் பற்றி மூச்சே விடவில்லை! விலையும் சாக்கைவிட அதிகம். சரி, அடுத்த பட்டத்துக்கு நான்கு வாங்குவேன். சுவரை ஒட்டாமல், பலகை மேல் அடுக்குவேன்.